லைன் மாத்தினதும் கமரா, பில்லிங், மெயில் எல்லாம் நிண்டு போச்சா? எங்க இருந்து பாக்கத் தொடங்குறது

மட்டக்களப்பு கல்லடிப் பாலத்துக்கு இஞ்சாலயும் அங்காலயும், காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை வரைக்கும் கடைகளுக்கு கமராவும் நெட்வேர்க்கும் செஞ்சு குடுக்கிறதுதான் என்ட வேலை. மாசத்துல நாலஞ்சு தரமாவது ஒரே கோல் வரும். "தம்பி, புது ஃபைபர் போட்டாச்சு, ஸ்பீட் நல்லாத்தான் இருக்கு, ஆனா கமரா தெரியுதில்ல." வேற கொம்பனிக்கு மாறினவங்க, கடையை வேற ஊருக்கு மாத்தினவங்க, பழைய செப்புக்கம்பி லைனை விட்டுட்டு ஃபைபர் எடுத்தவங்க, எல்லாருக்கும் இதே வருத்தம்தான். காரணமும் ஒண்டுதான், ஐபி அட்ரஸ் (இன்டர்நெட்டில உங்களைக் கண்டுபிடிக்கிற நம்பர்) உங்களோட வராது, அது லைனுக்குரியது, லைன் போனா அதுவும் போயிடும், அந்த நம்பரை எங்கெல்லாம் அடிச்சு வச்சிருந்தீங்களோ அங்கெல்லாம் ஒவ்வொண்டா நிக்கும்.

கீழ உங்களுக்கு நடக்கிறது எந்தத் தலைப்புக்குப் பொருந்துதோ அதுக்கு நேராப் போங்க. ஒவ்வொண்டுலயும் காசில்லாத வேலையை முதல்ல போட்டிருக்கேன், காசு போற வேலையைக் கடைசியில.

எதுக்கும் முதல்: மூண்டு நம்பர் எழுதி எடுங்க

இதை எழுதாம தொடங்கினீங்க எண்டா அரைநாள் மினக்கெடுவீங்க. ஒண்டு, கமரா ரெக்கோடர்ல (டிவிஆர், என்விஆர் எது எண்டாலும்) நெட்வேர்க் செட்டிங்குக்குள்ள இருக்கிற ஐபியும் கேட்வேயும். ரெண்டு, ரவுட்டருக்குள்ள போய் ஸ்டேட்டஸ் பக்கத்துல வான் ஐபி எண்டு போட்டிருக்கிறது. மூண்டு, அதே வைஃபைல இருந்து கூகிள்ல "வாட் இஸ் மை ஐபி" எண்டு அடிச்சா வாறது. போன்ல டேட்டாவை ஓஃப் பண்ணிட்டுப் பாருங்க, இல்லாட்டி சிம்மிட ஐபிதான் வரும். மூண்டாவது நம்பர் சில நேரம் நீட்டா எழுத்தும் முக்காற்புள்ளியுமா வரும், அது ஐபிவி6, அதை விட்டுட்டு நாலு நம்பர் புள்ளி வச்சு வாறதை எடுங்க.

கடைக்குள்ளயே கமராவும் பிரிண்டரும் தெரியல

இது ஆகலும் லேசானது, ஆனா கூடுதலா வாறதும் இதுதான். பழைய ரவுட்டர் 192.168.1.1ல இருந்திருக்கும், புதுசு 192.168.8.1லயோ 192.168.0.1லயோ இருக்கும், டிவிஆருக்கு ஆரோ முந்தி கையால 192.168.1.64 எண்டோ 192.168.1.108 எண்டோ போட்டு வச்சிருப்பாங்க. அப்ப டிவிஆர் பழைய வீட்டுக் கதவையே தட்டிட்டு நிக்கும். மேல எழுதி எடுத்த முதலாவது நம்பர்ல புள்ளி வச்சுப் பிரிச்ச முதல் மூண்டு பகுதியும் (192.168.1 மாதிரி) புது ரவுட்டரோட ஒத்து வருதா எண்டு பாருங்க, வரல எண்டா இதுதான் காரணம்.

ரெண்டு வழி இருக்கு. டிவிஆர், பிரிண்டர், பில்லிங் மெஷின் எண்டு ஒவ்வொண்டா மாத்தலாம், இல்லாட்டி புது ரவுட்டர்ட லான் ஐபியை (கடைக்குள்ள பாவிக்கிற நம்பரை) பழைய ரவுட்டர்ட இலக்கத்துக்கே மாத்திடலாம். நான் எப்பவும் ரெண்டாவதுதான் செய்யிறது, ஒரு இடத்துல மாத்தினா முழுக் கடையும் எழும்பிடும். கடைக்குள்ள இருக்கிற நம்பர் உங்கட சொந்தம், அதை நீங்க விரும்பினபடி வச்சுக்கலாம், வெளி நம்பருக்குத்தான் அந்த உரிமை இல்ல.

அதுக்குப் பிறகும் தெரியல எண்டா கேபிளைப் பாருங்க. கடல் பக்கத்துக் கடைகள்ல ரெண்டு மூண்டு வருசத்துலயே கேபிள் நுனி பச்சை பூத்துடும், ரவுட்டர் மாத்தும்போது கழட்டிக் கொழுவினா அதோட சரி. நுனியை வெட்டி புதுசு அடிக்கிறது சின்னச் செலவுதான். இதுக்குக் கொம்பனிக்காரங்களைக் கூப்பிடத் தேவையில்ல.

கடைக்குள்ள தெரியுது, வெளியால இருந்து தெரியல

ஆரையம்பதியில ஒரு அக்காட வீடு. அவங்கட அவர் கட்டார்ல, ஒவ்வொரு நாள் ராவும் வேலை முடிஞ்சு வந்து வாசல் கமராவைப் பாத்துட்டுத்தான் படுப்பாராம், லைன் மாத்தின நாள்ல இருந்து அந்த ஸ்க்ரீன் கறுப்பு. டிவிஆர்ட மூடியில பழைய ஐபியை நீல போல்பொயிண்ட்டால எழுதி மேல செலோடேப் ஒட்டியிருந்தது, அதையேதான் அவர்ட போன்லயும் அடிச்சிருந்தது. அந்த நம்பர் இப்ப ஆற்றயோ லைன்ல இருக்கும்.

முதல்ல அதையே பாருங்க, ஆப்புக்குள்ள நம்பர் அடிச்சிருக்கா? அடிச்சிருந்தா அதை அழிச்சுட்டு டிவிஆர்ட கிளவுட் வழியைப் போடுங்க. ஹிக்விஷனுக்கு ஹிக்-கனெக்ட், தாஹுவாவுக்கு டிஎம்எஸ்எஸ், க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணினாச் சரி. இதுல டிவிஆரே உள்ளால இருந்து வெளிய போய் கதைக்கும், எந்த லைன்ல இருந்தாலும் எந்த ஐபியில இருந்தாலும் பரவாயில்ல. வீடுகளுக்கு இதோட வேலை முடிஞ்சுது. அந்த அக்காட வீட்டுலயும் பத்து நிமிசம்தான்.

கிளவுட் சரிவராது, நேராத்தான் வேணும் எண்டா (சில கடைகள்ல பழைய டிவிஆர், சில இடத்துல கணக்கு சொஃப்ட்வெயாருக்கு நேரா வரத்தான் வேணும்) ரவுட்டர்ல போர்ட் ஃபோவேர்டிங் (வெளியால இருந்து வாறதை டிவிஆருக்குத் திருப்பி விடுற செட்டிங்) பாருங்க. பழைய ரவுட்டர்ல போட்டது புதுசுக்குத் தானா வராது. ஹிக்விஷன் எண்டா 8000, தாஹுவா எண்டா 37777. போட்டதும் கடை வைஃபைல இருந்து பாக்காதீங்க, சிம் டேட்டாவால பாருங்க.

போட்டும் வரல. இப்ப ரெண்டாவது நம்பரையும் மூண்டாவது நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வையுங்க. ரெண்டும் ஒண்டு எண்டா உங்களுக்கு வெளி ஐபி இருக்கு, போர்ட்டைத்தான் திரும்பப் பாக்கணும். வேற எண்டா, ரவுட்டர்ட வான் ஐபி எப்பிடித் தொடங்குது எண்டு பாருங்க.

192.168 எண்டு தொடங்கினா ரவுட்டருக்கு மேல இன்னொரு ரவுட்டர் இருக்கு. ஃபைபர் கொம்பனி வச்சுட்டுப் போன பெட்டியே ஒரு ரவுட்டர், அதுக்குக் கீழ உங்கட ரவுட்டரைக் கொழுவியிருக்கிறீங்க. மேல் பெட்டியை பிரிட்ஜ் மோட்ல (ரவுட்டர் வேலை பாக்காம சும்மா கடத்தி மட்டும் விடுறது) போடச் சொல்லுங்க, இல்லாட்டி ரெண்டுலயும் போர்ட் திறங்க.

100.64ல இருந்து 100.127 வரைக்குள்ள ஏதாவது ஒண்டா இருந்தா, அல்லது 10 எண்டு தொடங்கினா, கொம்பனி ஒரே வெளி ஐபிக்குப் பின்னால உங்களையும் இன்னும் பல வீடுகளையும் சேர்த்து வச்சிருக்கு எண்டு அர்த்தம். 100.64 வரிசையை இதுக்கெண்டே 2012ல ஒதுக்கினவங்க. இதுல நீங்க ரவுட்டர்ல என்ன செஞ்சாலும் வெளியால இருந்து உள்ள வர ஏலாது, கதவு உங்கட வீட்டுல இல்ல, கொம்பனியிட கட்டிடத்துல இருக்கு. 4ஜி ரவுட்டர்கள்ல பெரும்பாலும் இதுதான் நிலைமை, ஃபைபர்லயும் இப்ப வருது. தயவுசெய்து இந்த இடத்துல நிண்டுட்டு ராவிரவா போர்ட் மாத்தி மாத்திப் பாக்காதீங்க, நான் பாத்திருக்கேன், ஒரு தம்பி மூண்டு நாள் இப்பிடிக் கஷ்டப்பட்டவர்.

இதுக்கு வழி, செலவு குறைஞ்சதுல இருந்து: கிளவுட் ஆப். அது சரிவராட்டி டெயில்ஸ்கேல் மாதிரி ஒண்டை (எங்க இருந்தாலும் ரெண்டு கருவியை நேரா இணைக்கிற ஆப்) கடைக் கம்ப்யூட்டர்லயும் உங்கட போன்லயும் போடலாம், சின்ன அளவுக்குக் காசில்ல. டெயில்ஸ்கேல் குடுக்கிற ஐபியும் 100ல தான் தொடங்கும், அதைப் பாத்துக் குழம்ப வேணாம். கடைசியா, கொம்பனியில ஸ்டேட்டிக் ஐபி (மாறாத ஐபி) கேக்கிறது. அது மாசாமாசம் மேலதிகக் காசு, சில பெக்கேஜுக்குத்தான் குடுப்பாங்க. கேக்கும்போது "பொது ஐபியா, மாறாததா" எண்டு ரெண்டையும் தெளிவாக் கேளுங்க, ரெண்டும் வேற வேற விசயம்.

ஒரு விசயம் கட்டாயம் சொல்லணும். போர்ட் திறந்தா பாஸ்வேர்ட் மாத்தாம விடாதீங்க. 2016ல மிராய் எண்ட வைரஸ் டிவிஆர், கமரா, ரவுட்டர் எண்டு லட்சக்கணக்கா பிடிச்சது கொம்பனி போட்டு விட்ட பாஸ்வேர்டாலதான், அந்த வருசம் ஒக்டோபர்ல அமெரிக்காவில பெரிய பெரிய வெப்சைட் எல்லாம் விழுந்தது அதாலதான். உங்கட வீட்டு வாசலை ஆரோ பாக்கிறது இன்னும் மோசம்.

நேத்து ரா வரைக்கும் வேலை செஞ்சது, காலையில இல்ல

ராவு கரண்ட் போய் வந்ததா எண்டு கேளுங்க. மாரி தொடங்கினா எனக்கு இந்தக் கோல் கூடும். ரவுட்டர் ஓஃப் ஆகி எழும்பினதும் கொம்பனி புது ஐபி குடுத்திருக்கும், லைன் மாத்தத் தேவையே இல்ல, இது தானா நடக்கும்.

நம்பரை விட்டுட்டு பேரை வைக்கிறதுதான் தீர்வு. ரவுட்டர்லயோ டிவிஆர்லயோ டிடிஎன்எஸ் எண்டு ஒரு இடம் இருக்கும், நோ-ஐபி, டக் டிஎன்எஸ் மாதிரி ஒண்டுல பேர் ஒண்டு எடுத்துப் போட்டீங்க எண்டா ஐபி மாறினதும் பெட்டியே போய் புதுசைச் சொல்லிடும். நோ-ஐபி இலவசப் பேருக்கு 30 நாளைக்கு ஒருக்கா மெயில் வரும், அதை அமத்தி உறுதி செய்யாட்டி பேர் போயிடும், பலபேர் இதுல மாட்டுறாங்க. மேல சொன்ன 100.64 ஆட்களுக்கு டிடிஎன்எஸ் பிரயோசனமில்ல.

வெளியால தெரியுது, கடை வைஃபைல இருந்தா மட்டும் தெரியல

பழுதில்ல. சில ரவுட்டர் உள்ளால இருந்து தன்ட வெளி ஐபிக்குப் போய்த் திரும்பி வர விடாது. ரவுட்டர்ல நாட் லூப்பேக் (NAT Loopback) எண்டு இருந்தா ஓன் பண்ணுங்க, இல்லாட்டி கடைக்குள்ள இருக்கும்போது உள் ஐபியைப் பாவிங்க.

அங்கால இருக்கிற சர்வர் உள்ள விடுதில்ல

சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் மில். லொறி நிறுக்கிற தராசு கம்ப்யூட்டரோட இணைஞ்சது, நிறுத்த உடன கணக்கு கொழும்பில இருக்கிற அவங்கட சர்வருக்குப் போகணும். அறுவடை நேரம் பாத்து லைன் மாத்தியிருக்கிறாங்க. காலையில ரோட்டு வரைக்கும் லொறி, தராசு நிறுக்குது, கணக்கு போகுதில்ல, கிளார்க் பழைய ஒற்றைக் கொப்பியில கையால எழுதுறார். இஞ்ச எல்லாம் சரி, ஆனா கொழும்பு சர்வர்ல "இந்த ஐபியில இருந்து வந்தா மட்டும் விடு" எண்டு பழைய நம்பர் இருந்தது.

ரவுட்டரை ரீசெட் பண்ணாதீங்க. மூண்டாவது நம்பரை எடுத்து அங்கால இருக்கிற ஆளுக்கு அனுப்பி, பழையதை எடுத்துட்டு இதைப் போடச் சொல்லுங்க. பழையதைக் கட்டாயம் எடுக்கச் சொல்லுங்க, நாளைக்கு அந்த நம்பர் வேற ஆளுக்குப் போகும், அவருக்கு உங்கட சர்வர்க் கதவு திறந்து கிடக்கும். உங்கட ஐபி மாறுறதா இருந்தா இந்த வேலைக்கு ஸ்டேட்டிக் எடுங்க, அல்லது ரெண்டு பக்கத்துக்கும் வயர்கார்ட் விபிஎன் (ரெண்டு இடத்தையும் பூட்டின குழாய் மாதிரி இணைக்கிறது) போட்டு சாவியை வச்சு ஆளை அடையாளம் காண விடுங்க. பேங்க், கார்ட் பேமெண்ட் சம்பந்தப்பட்டது எண்டா நீங்களா ஒண்டும் தொடாம அவங்கட ஆட்களைக் கூப்பிடுங்க.

கடை மெயில் எல்லாம் ஸ்பாமுக்குப் போகுது

சொந்தமா மெயில் சர்வர் வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும். டொமைன்ல எஸ்பிஎஃப் எண்ட ரெக்கோட்டுல (உங்கட பேர்ல ஆர் மெயில் அனுப்பலாம் எண்ட பட்டியல்) பழைய ஐபி இருக்கா பாருங்க, அதை மாத்துறதுக்குக் காசில்ல. பிறகு புது ஐபி ஸ்பாம்ஹவுஸ் மாதிரி கறுப்புப் பட்டியல்ல இருக்கா எண்டு தேடுங்க, உங்களுக்கு முதல் அந்த நம்பரை வச்சிருந்த ஆள் செஞ்ச பிழை உங்கட தலையில இருக்கலாம். மூண்டாவது ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியைக் கேட்டா பேரைச் சொல்றது), அதை உங்கட டொமைன்ல மாத்த ஏலாது, ஐபி ஆற்றயோ அவங்கதான் மாத்தணும், அதாவது லைன் கொம்பனி. எழுத்துல கேளுங்க. இவ்வளவும் செஞ்சு ரெண்டு கிழமையில சரி வரல எண்டா மெயிலை வெளிச் சேவைக்கு மாத்துங்க, கடை லைன்ல மெயில் சர்வர் ஓட்டுறதை நான் இப்ப ஆருக்கும் சொல்றதில்ல.

பேருக்குப் புது ஐபி போட்டாச்சு, பாதி ஆட்களுக்கு இன்னும் பழைய இடம்தான் வருது

டிஎன்எஸ்ல (பேரைக் கேட்டா ஐபியைச் சொல்ற பட்டியல்) டிடிஎல் எண்டு ஒரு நம்பர் இருக்கும், செக்கன் கணக்கு. 86400 எண்டா ஒரு நாள் முழுக்க மத்தவங்க பழைய பதிலையே ஞாபகம் வச்சிருப்பாங்க. இப்ப ஒண்டும் செய்ய ஏலாது, பொறுங்க. அடுத்த தரம் லைன் மாத்த ரெண்டு நாளைக்கு முதலே அதை 300க்கு இறக்கி வையுங்க, அஞ்சு நிமிசத்துல மாறிடும்.

ரெண்டு லைன் இருக்கு, ஒண்டு விழுந்தா ஸூம் அறுபடுது, பேங்க் லொகவுட் ஆகுது

ஃபைபர் விழுந்ததும் 4ஜிக்கு மாறுற ரவுட்டர் வச்சிருப்பீங்க. மாறுறது சரிதான், ஆனா உங்கட அட்ரஸும் சேர்ந்து மாறுது, அங்கால இருக்கிற சர்வருக்கு நீங்க இப்ப புது ஆள், பழைய கதை அதோட அறும். இது பிழை இல்ல, எல்லை. "ஃபைபர்ட ஐபியோடயே 4ஜியால அனுப்பக் கூடாதா?" எண்டு கேக்கிறாங்க. அனுப்பினா 4ஜி கொம்பனி வாசல்லயே வெட்டிடும், தன்ட அட்ரஸ் இல்லாத பெக்கெட்டை (நெட்டில போற தரவுத் துண்டு) விடக்கூடாது எண்டது 2000ம் ஆண்டுல இருந்து உள்ள நடைமுறை, ஆள்மாறாட்டத் தாக்குதலைத் தடுக்க வந்தது. விட்டாலும் பதில் ஃபைபர் பக்கம்தான் போகும், அது விழுந்து கிடக்கு.

செய்யக்கூடியது: ரெண்டு லைனையும் ஒரே நேரத்துல பங்குபோட்டு ஓட விட்டிருந்தா பேங்க் வெப்சைட்டை ஒரு லைனுக்கு மட்டும் கட்டி வையுங்க, லொகவுட் நிக்கும். லைன் உயிரோட இருக்கா எண்டு பாக்க ரவுட்டர் 8.8.8.8 மாதிரி தூரத்துல உள்ளதைப் பிங் பண்ணணும் (கூப்பிட்டுப் பதில் வருதா எண்டு பாக்கிறது), பக்கத்துப் பெட்டியை மட்டும் பிங் பண்ணினா வெளியில கேபிள் வெட்டுப்பட்டாலும் லைன் நல்லம் எண்டே நினைக்கும்.

"பழைய ஐபியையே புதுக் கொம்பனிக்குக் கொண்டு போகணும்"

காத்தான்குடியில மொத்தத் துணிக்கடை வச்சிருக்கிற காக்கா ஒருத்தர் கேட்டார். மூண்டு கிளையிட பில்லிங்லயும், சப்ளையர்மார்ட சிஸ்டத்துலயும் எண்டு நாப்பது இடத்துல அந்த நம்பர் இருந்தது. "போன் நம்பரை இந்தியாவுல மாத்தாம கொம்பனி மாறுறாங்களே தம்பி, இதை ஏன் ஏலாது?"

நியாயமான கேள்வி. முதல்ல லேண்ட்லைனைப் பாருங்க. கல்லடியில இருந்த கடையை கல்முனைக்குக் கொண்டு போனா 065 நம்பர் வராது, 067 தான். 065 எண்டதைக் கண்டதும் மட்டக்களப்புப் பக்கம் திருப்பி விட்டாச் சரி எண்டு இருக்கிறதாலதான் கொழும்பு எக்ஸ்சேஞ்சுக்கு இஞ்ச இருக்கிற ஒவ்வொரு வீட்டையும் தெரிஞ்சிருக்கத் தேவையில்ல. ஐபியும் அப்பிடித்தான், கொத்துக் கொத்தாப் போகுது. இந்தியாவுல 2011ல மொபைல் நம்பருக்குச் செஞ்சது வேற, கோல் எடுக்கும்போது ஒரு தரம் பட்டியலைப் பாத்து இவர் இப்ப எந்தக் கொம்பனி எண்டு கண்டுபிடிச்சாப் போதும். இன்டர்நெட்டில ஒவ்வொரு பெக்கெட்டுக்கும், செக்கனுக்குக் கோடிக்கணக்கா, நிண்டு யோசிக்க நேரமில்லாம, ரவுட்டர் தன்ட ஞாபகத்துல இருந்தே முடிவெடுக்கணும். அந்த ஞாபகத்துக்கு அளவிருக்கு. ஐபிவி4க்கு (நாலு நம்பர் புள்ளி வச்சு வாற வகை) மட்டும் இப்பவே 9 லட்சத்துக்கு மேல வழி அதுல இருக்கு. 2014 ஓகஸ்ட் 12 அது 5 லட்சத்துச் சொச்சத்தைத் தாண்டினதும் பழைய பெரிய ரவுட்டர்கள் பல இடத்துல தடுமாறினது இதாலதான். உலகத்துல ஒவ்வொரு கடையும் தன்ட ஒரு நம்பரைத் தூக்கிட்டுப் போனா அந்தப் பட்டியல் கோடிக்குப் போகும். அதால 256 அட்ரஸ், அதாவது /24, அதுக்குக் குறைஞ்ச துண்டை உலகம் எடுக்கிறதில்ல. காக்காட கையில இருந்தது ஒண்டே ஒண்டு, அதுவும் அவர்ட இல்ல.

அவருக்கு வேணும் எண்ட அந்த ஒருக்கா பாக்கிற பட்டியல் இன்டர்நெட்டில ஏற்கனவே இருக்கு, அதுதான் டிஎன்எஸ். டொமைன் ஒண்டு எடுத்து நாப்பது இடத்துலயும் நம்பருக்குப் பதிலா பேரைப் போட்டம். ரெண்டு கிழமை பழைய லைனையும் வெட்டாம வச்சிருந்தம், ஒவ்வொரு நாளும் பழைய ரவுட்டர்ட லொக்கைப் பாத்தா இன்னும் ஆர் பழைய கதவைத் தட்டுறாங்க எண்டு தெரியும், அவங்களைக் கோல் எடுத்து மாத்தினம். கடைசி நாலு நாள் ஒருத்தரும் தட்டல, பிறகுதான் லைனை வெட்டச் சொன்னது. இந்த ரெண்டு கிழமைக் காசை மிச்சம் பிடிக்காதீங்க.

உண்மையாவே சொந்த அட்ரஸ் வேண்டியவங்க இருக்கிறாங்க, பெரிய ஆஸ்பத்திரி, நிதி நிறுவனம், தானே லைன் விக்கிறவங்க. வந்தாறுமூலை, ஒலுவில் கெம்பஸ்கள் இணைஞ்சிருக்கிற லேர்ன் கல்வி நெட்வேர்க் தனக்கெண்டு அட்ரஸ் வச்சிருக்கு. அதுக்கு பிரிஸ்பேன்ல இருக்கிற ஆப்னிக்ல (எங்கட பக்கத்து நாடுகளுக்கு ஐபி அட்ரஸ் பிரிச்சுக் குடுக்கிற அமைப்பு) மெம்பராகணும், வருசாவருசம் கட்டணம், ஏஎஸ் நம்பர் (உங்கட நெட்வேர்க்குக்கான அடையாள நம்பர்) எடுக்கணும், பிஜிபி (எந்த அட்ரஸுக்கு எந்த வழி எண்டு நெட்வேர்க்குகள் ஒண்டுக்கொண்டு அறிவிக்கிற முறை) தெரிஞ்ச இஞ்சினியர் வேணும். ஐபிவி4 2011லயே கிட்டத்தட்ட முடிஞ்சுது, ஆப்னிக் புது மெம்பருக்கு இப்ப கூடினது 512 அட்ரஸ்தான் குடுக்கும். ஐபிவி6ல தட்டுப்பாடில்ல, ஆனா அங்கயும் /48க்குச் சின்னத் துண்டை வெளியில எடுக்க மாட்டாங்க.

இந்த நிலைமைக்கு வந்துட்டீங்க எண்டா என்னை மாதிரி கமரா செய்யிற ஆளைக் கூப்பிடாதீங்க, கொழும்பில பிஜிபி செய்யிற ஆளைப் பிடிங்க. அவரைக் கூப்பிட முதல் ரெண்டு லைன் கொம்பனியிட்டயும் போய் இந்த ஒண்டைக் கேட்டு எழுத்துல வாங்கி வையுங்க: "நாங்க கொண்டு வாற அட்ரஸை உங்கட லைனால பிஜிபியில அறிவிப்பீங்களா, எந்த பெக்கேஜ்ல, மாசம் எவ்வளவு?" ஏலாது எண்டு ஒரு கொம்பனி சொன்னாலே ஆப்னிக்குக்குக் காசு கட்டுறதை நிப்பாட்டி வையுங்க, அட்ரஸ் கையில இருந்தும் அறிவிக்க ஆள் இல்லாம கிடக்கும்.